கிணற்றில் வந்த எண்ணெய் வாடை

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது மண்ணுக்குள் போன பெட்ரோலையும் டீசலையும் பற்றி. இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

நான் ஒரு தோட்டத்து ஸ்டோரில் சின்னக் கிராணியாக இருந்தவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். லாரிக்கும் எஞ்சினுக்கும் ஊற்றும் டீசல் தரைக்குள் புதைத்த தொட்டியில் இருந்தது. காலையில் அளவுகோலை விட்டுப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. மாதக் கடைசியில் புத்தகக் கணக்குக்கும் கோல் காட்டும் கணக்குக்கும் துண்டு விழும். "ஆவியாய்ப் போயிற்று என்று எழுது" என்பார் பெரிய கிராணி. எழுதுவேன். டீசல், பெட்ரோலைப் போல லேசில் ஆவியாகிற சரக்கல்ல என்பது அன்று எனக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து, தொட்டிக்குக் கீழ்ச்சரிவில் இருந்த லயத்துக் கிணற்றில் வாடை வந்தது. வாளித் தண்ணீரில் வானவில் போல மினுமினுப்பு. எண்ணெயைக் கொட்டியது யார் என்று லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தார்களே தவிர, தொட்டியை ஒருவரும் விசாரிக்கவில்லை. விடையோ நான் என் கையால் எழுதிய புத்தகத்திலேயே இருந்தது.

தொட்டி துருப்பிடித்து ஒழுகினால் எண்ணெய் நேரே கீழே இறங்கும். வழியில் மண் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சம் நிலத்தடி நீரைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானதால் அதன்மேல் மிதந்து பரவும். அதிலிருந்து பென்சீன் முதலிய சரக்குகள் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகும் திசையிலேயே போகும். மழைக் காலத்தில் நீர்மட்டம் உயரும், வெயில் காலத்தில் இறங்கும். எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி மண்ணில் பூசிக்கொண்டே இருக்கும். ஆகையால்தான் ஒரு மாதம் வாடை வந்து மறுமாதம் காணாமற் போவதும், பிறகு திரும்ப வருவதும்.

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு. பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டரில் இருப்பது முழுதும் கரைந்தால் 8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நம் மூக்குக்கு எட்டும் நேரத்தில் பென்சீன் அந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கும். எனவே வாடை இல்லை என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். காய்ச்சிக் குடித்தால் போதும் என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். எண்ணெய்ச் சரக்கின் ஆவியோ அடுப்படியில் நிற்கிற பெண்ணின் மூச்சில் போகும்.

இது எங்கோ நடக்கிற கதையல்ல. 2019 ஜூலையில் சிலாங்கூர் ஆற்றில், மணல் எடுக்கும் இடத்திலிருந்து டீசல் கலந்து, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சில நாட்களுக்குள் இரு தடவை மூட நேர்ந்தது. அப்போது கோலாலம்பூர் வரைக்கும் குழாய் வறண்டது, பத்திரிகைகள் அலறின. ஆற்றில் கலந்தால் நகரம் அலறுகிறது. லயத்துக் கிணற்றில் கலந்தால் அலற நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் எண்ணெய் வந்தது. பாரத் பெட்ரோலியம் கம்பெனியின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் துப்புரவுப் பணியில் இறங்கினார்கள். துடைக்க வருஷக் கணக்கு வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளைக் கெடுத்தது. வழக்கு நடந்து, 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இரண்டு ஊரிலும் முதலில் குரல் கொடுத்தவர்கள் தண்ணீர் இறைத்த ஜனங்கள்தாம்.

சரி, கண்காணிப்பது எப்படி? நிபுணர்கள் ஓட்டையிட்ட குழாய்களை நீர்மட்டத்துக்குக் கீழே வரை இறக்குவார்கள். குறைந்தது மூன்று இடத்திலாவது வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்கிட முடியும். தொட்டிக்கு மேற்சரிவில் ஒன்று, கீழ்ச்சரிவில் இரண்டு வைத்தால் நல்லது. தண்ணீரை எடுக்கும் புட்டியைக் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸில் வைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பாதிப் புட்டி அனுப்பினால் சரக்கு மேலே ஆவியாகி, "குறை ஒன்றுமில்லை" என்று பதில் வரும். அப்படி ஒரு பதிலை வாங்கிக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

துப்புரவு செய்ய, முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும். பிறகு நனைந்த மண்ணைத் தோண்டி எடுப்பது, மிதக்கிற எண்ணெயை உறிஞ்சுவது, மண்ணிலிருந்து ஆவியை இழுப்பது என்று பல வழி உண்டு. எனக்கு அதிசயமாகப் பட்டது ஒன்று: மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்னும். நம் கன்றுகளுக்குப் போடுகிற தழைச்சத்தும் மணிச்சத்தும் காற்றும் கிடைத்தால் வேகமாகத் தின்னும். மேட்டுச் செம்மண்ணில் காற்றைச் செலுத்துவது சுலபம். கோலசிலாங்கூர் கடலோரக் களிமண்ணில் மெத்தக் கஷ்டம். ராஜா மூசா பக்கத்துக் கரிமண்ணோ எண்ணெயைப் பஞ்சு போலப் பிடித்துக்கொள்ளும். ஒரே மருந்து எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது.

சட்டமும் இருக்கிறது. 1974-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு மண்ணைக் கெடுப்பதைப் பற்றியது. 25-ஆம் பிரிவு ஆறு, குளம், நிலத்தடி நீரைப் பற்றியது. 2024-இல் அபராதங்களைக் கடுமையாக்கினார்கள். தோட்டக் குடியிருப்புக்குக் குடிநீர் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் வருஷத்து 446-ஆம் சட்டம் சொல்கிறது. புகார் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போக வேண்டும். எழுத்தில் போக வேண்டும்.

ஆனால் எழுத என்ன இருக்கிறது நம் கையில்? இரண்டு இருக்கின்றன. ஒன்று, கிராணிமார்களின் கோல் கணக்குப் புத்தகம். துண்டு விழுந்தால் துண்டு என்றே எழுதுங்கள். ஆவி என்று எழுதாதீர்கள். மற்றது, வயதான பால்வெட்டுக்காரர்களின் ஞாபகம். தோட்டங்கள் கைமாறுகின்றன, ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, இப்போது வீடமைப்பு வருகிறது. பழைய ஸ்டோரை இடித்துவிட்டார்கள். தொட்டியைத் தோண்டி எடுத்தார்களா, மண்ணைப் போட்டு மூடினார்களா? நமக்கு வீட்டுமனை என்று காட்டுகிற இடம் அந்த இடம்தானா? நிர்வாகத்தின் படத்தில் அது இருக்காது. பெரட்டுக் களத்திலிருந்து எத்தனை அடி என்று சொல்லத் தெரிந்த கிழவர் உங்கள் லயத்தில் இருப்பார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் ஒரு காகிதம் கொண்டு வர வேண்டும். பழைய ஸ்டோர், தொட்டி, பட்டறை, கிணறு, கால்வாய் இவை எங்கெங்கே இருந்தன என்று கையால் வரைந்தால் போதும். சரிவு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். இன்னும் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற தோட்டங்களின் காகிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.