இல்லத்து வைத்தியமும் அதன் எல்லையும்

(இரும்பையில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று இச்சபையில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் புதியதன்று. நம் பாட்டிமார் அஞ்சறைப்பெட்டியிலும் கொல்லைப்புறத்திலும் வைத்து நடத்திவந்த கைவைத்தியத்தை நாம் மீண்டும் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. கற்றுக்கொள்ளுதல் என்ற சொல்லைத் தெரிந்தே கூறினோம். ஏனெனில், அரைகுறையாக நினைவில் நிற்கும் வைத்தியம் வைத்தியமே ஆகாது; சிற்சில சமயங்களில் அது நோயினும் கொடியதாகும். இதனை நூல்களிற் படித்து நாம் சொல்லவில்லை. நம் வீட்டு அனுபவத்தைக் கொண்டே சொல்லுகிறோம்.

நாம் கூடியிருக்கும் இத்தலம் திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம். தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று. கடுவெளிச் சித்தரின் வரலாறு இக்கோயிலோடு சேர்த்து வழங்குவதை நம் குழந்தைகளும் அறிவர். வடக்கே சென்றால் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற் காட்டையும், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களையும் காணலாம். சித்தர் பெயரும், மூலிகைக் காடும், உப்பும் ஒருங்கே அமைந்த இந்நாட்டிற் பிறந்த நாம், சாதாரணச் சளிக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் என் செய்வதென்று அறியாது திகைத்து நிற்கிறோமெனில், அது நம் குறையேயன்றிப் பிறர் குறையன்று.

நிற்க. நமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதத்தில், எட்டு மாதக் குழந்தையாயிருந்த நம் பேத்திக்குப் பேதி கண்டது. வீட்டிலிருந்த மூத்தவர்கள் வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து மூன்று வேளை புகட்டினார்கள். தண்ணீர் கொடுத்தாற் பேதி அதிகரிக்கும் என்று சொல்லித் தண்ணீரை நிறுத்தினார்கள், தாய்ப்பாலையும் குறைத்தார்கள். மூலிகையைப் பற்றிச் சபைகளிற் பேசும் நாம் அருகிலேயே இருந்தோம்; மறுத்து ஒரு வார்த்தை சொன்னோமில்லை. இரண்டாம் நாள் மாலை குழந்தையின் கண்கள் குழிவிழுந்தன. அழுதாற் கண்ணீர் வரவில்லை.

அவ்வேளையில் நம் ஊர் மருத்துவச்சியாகிய முதியவர் தற்செயலாக வந்தார். நம் வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பிரசவம் பார்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலாற் பிடித்து விட்டார். தோல் மடிந்தபடியே நின்றது. "ஐயா, இது மருந்துக்கு அடங்குற நிலை இல்லீங்க. புள்ளை உடம்புல தண்ணியே இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றார். தூக்கினோம். அன்றிரவு முழுவதும் நரம்பின் வழியாக நீரேற்றினார்கள். குழந்தை பிழைத்தாள், இன்று கலாசாலையிற் படிக்கிறாள்.

அன்று நாம் கற்ற பாடங்கள் இரண்டு. நம்மெல்லோரையும்விட மூலிகை அதிகம் அறிந்தவர் அந்த அம்மையார். மூலிகையின் எல்லை எதுவென்று அறிந்தவரும் அவரே. இது முதற்பாடம். இரண்டாவது சற்றுக் கசப்பானது. அவ்வளவு காலமும் அவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. உட்காருங்கள் என்று நாம் சொன்னதுமில்லை. நம் குலத்தின் சொத்தென்று நாம் பெருமை பேசும் கைவைத்தியத்திற் பெரும்பகுதி, நாம் வாசலில் நிறுத்திவைத்த மருத்துவச்சியரிடமிருந்தும், உப்பளத்திலும் காட்டிலும் உழைக்கும் இருளரிடமிருந்தும் நம் பாட்டிமார் கேட்டறிந்தது. சங்கத்தின் சபையிலே இதைச் சொல்லாவிடில் வேறெங்கே சொல்வது?

இனி விஷயத்துக்கு வருவோம்.

முதலாவது, பேதியைப் பற்றியது. இதற்குரிய தலைசிறந்த இல்லத்து மருந்து மூலிகையன்று. நம் கடற்கரை விளைவிக்கும் உப்பேயாகும். கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய சிறு கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். உப்பு அதிகமானால் தீங்கு நேரும். ஆதலின் அளவு தவறலாகாது. 1971-ஆம் ஆண்டில் வங்காள அகதிகள் பாங்கான் முகாமில் காலராவால் மடிந்தபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் என்பவர் இத்தகைய உப்புச் சர்க்கரை நீரைக் குடம் குடமாகக் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரையிலிருந்த சாவு நாலுக்குக் கீழே இறங்கியது. இப்போது அளவோடு கலந்த பொட்டலங்கள் சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை இருக்கையில் அவையே சிறந்தவை. உடன் பதினான்கு நாள் கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரையையும் அங்கே கேட்டு வாங்கவேண்டும். தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தலாகாது.

இரண்டாவது, வசம்பு. 'பிள்ளை வளர்ப்பான்' என்று இதற்குப் பெயர். ஆயினும் இதிலுள்ள அசரோன் என்னும் சத்து புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்று கண்டு, 1968-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க சர்க்கார் இதை உணவிற் சேர்க்கத் தடை விதித்தனர். சிசுக்களுக்கு உள்ளே கொடுப்பதை அறவே விட்டொழிக்க வேண்டுகிறோம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை சிசுவின் குடலில் முளைத்து நரம்புகளைத் தளரச் செய்யும். நாம் அன்று புகட்டிய இரண்டும் தவறானவை என்பதை இப்போது உணர்கிறோம்.

மூன்றாவது, சளியும் இருமலும். வேலியோரத்து ஆடாதோடையை ஆடு தொடாது. ஆனால் வைத்தியர் தொடுவர். அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை அடியாகக் கொண்டே, கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மேனாட்டு மருந்து உருவாயிற்று. இரண்டு மூன்று இலைகளை நறுக்கி, நான்கு மிளகைத் தட்டிப் போட்டு, நாலு பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சுவது பெரியோருக்குரிய குடிநீர். கருவுற்ற மாதர் இதை உட்கொள்ளலாகாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பு இதற்கு உண்டு. தூதுவளைத் துவையலும், துளசிநீரும், நொச்சியிலை ஆவியும் சாமானியச் சளியிற் சுகமளிப்பவை. ஆவி பிடிக்கையிற் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே குழந்தைகளை விடலாகாது.

நான்காவது, உப்பளத் தொழிலாளரின் கால் வெடிப்பும் கண் கூச்சமும். தையில் தொடங்கிக் கோடை முழுவதும் பாத்தியில் நின்று உப்பு வாருபவரின் பாதம் வெடித்துப் புண்ணாவதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். வேலை முடிந்ததும் நல்ல நீரிற் கழுவி, ஈரமறத் துடைத்து, புங்க எண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிவரின் வெடிப்புத் தணியும். நீரிழிவுடையவர் காலிற் புண் கண்டால் எண்ணெயோடு நில்லாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணில் எவ்விலைச் சாற்றையும் பிழியலாகாது.

ஐந்தாவது, மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி. இதன் வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கது. 1988-ஆம் ஆண்டில், சென்னை ஆராய்ச்சியாளர் எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் புளும்பர்க்கும் கூடி, கீழாநெல்லி உண்டவர் 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாக வெளியிட்டார்கள். உலகமே வியந்தது. ஆயினும் பின்னர்ப் பிற நாடுகளிற் செய்த சோதனைகள் அப்பலனை உறுதிப்படுத்தவில்லை. செடியின் இனம் வேறுபட்டதாலா, மண் வேறுபட்டதாலா என்ற வாதம் எழுந்தது. மாறாக, சீன தேசத்துப் பெண்மணி தூ யூயூ, பழஞ்சுவடியொன்றில் ஒரு மூலிகையைக் காய்ச்சாமல் நீரிலிட்டுப் பிழியும்படி எழுதியிருந்ததைக் கண்டு, சூட்டினாலேயே சத்து கெடுகிறதென்று ஊகித்து, குறைந்த சூட்டில் அதைப் பிரித்தெடுத்து மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கண்டார். 2015-இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டும் மூலிகைகளே, இரண்டையும் சோதித்தார்கள். ஒன்று நிலைபெற்றது; மற்றொன்று நிலைபெறவில்லை. பழமை என்பதாலேயே ஒன்று மெய்யுமாகாது, பொய்யுமாகாது. காமாலை கண்டவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முதற்கடமை. குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி பிறந்தவுடன் சர்க்காராலேயே போடப்படுகிறது, அதைத் தவறவிடலாகாது.

ஆறாவது, செடியை அறிதல். குப்பைமேனியை மேற்பூச்சாகக் கொள்வது பழக்கம். பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதி குறைந்த சிலர் இதைச் சமைத்துண்டு, சிவப்பணுக்கள் சிதைந்து துன்புற்றதை இலங்கை மருத்துவர்கள் எழுதியுள்ளார்கள். நம் பக்கத்துக் காடுகளில் வளரும் ஒடுவந்தழையோ கொடிய நஞ்சு. ஆகையால் இலை, பூ, காய், வேர் நான்கையும் அறிந்தவரிடம் நேரிற் காட்டிக் கேட்டாலன்றி எச்செடியையும் பறிக்கலாகாது. ஒளவைத்த ஏடுகளில் வரும் நிறைகளும் தெரிந்திருக்க வேண்டும்: பலம் ஏறக்குறைய 35 கிராம்; வராகனெடை ஏறக்குறைய 4 கிராம்; குன்றிமணி எடை 130 மில்லிகிராம். பலத்தையும் வராகனையும் மாற்றி நிறுத்தால் மருந்து எட்டு மடங்கிற்கு மேலாகிவிடும்! பற்பம், செந்தூரம் முதலியவற்றை வீட்டிற் செய்வதும், பட்டம் பெறாதவரிடம் வாங்குவதும் கூடாது.

எப்போது இல்லத்து வைத்தியத்தை நிறுத்த வேண்டும் என்பதை, அடுப்பங்கரைச் சுவரிலே எழுதிவைக்க வேண்டுகிறோம். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு எக்காய்ச்சலாயினும், எவருக்கேனும் காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், மூச்சு வாங்கினாலும், மார்பு வலித்தாலும், நாக்கு உலர்ந்து ஆறு மணி நேரம் சிறுநீர் இறங்காவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், புத்தி மயங்கினாலும், குடிநீர் காய்ச்சிக் கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும். பாம்பு கடித்தால் பச்சிலை தேடலாகாது. பாம்பின் இயல்பை இருளரைப்போல அறிந்தவர் யாருளர்? அவர்களே 1978-இல் வடநெம்மேலியிற் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நஞ்செடுத்துக் கொடுக்கிறார்கள். விஷமுறிவு மருந்து செய்ய அந்நஞ்சு பயன்படுகிறது. அம்மருந்து ஆஸ்பத்திரியில்தான் உண்டு.

இவ்வளவு தடைகளைச் சொன்னபின், கைவைத்தியத்தில் எஞ்சுவது யாது என்று சிலர் கேட்கலாம். எஞ்சுவது பெரிது. நம் மாகாணத்து மாதரில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுடையவர் என்று தேசியக் கணக்கெடுப்பு கூறுகிறது. கொல்லையிலோ முருங்கை நிற்கிறது. அதன் கீரை வாரம் மும்முறை இலையில் விழுமாயின், அது நோய் வருமுன் செய்யும் வைத்தியமன்றோ? சோகை மிகுந்தவர் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியோரின் வயிற்றுப் பொருமலுக்கு ஓமநீர், குமட்டலுக்குச் சுக்கு, மலச்சிக்கலுக்குத் திரிபலை, சிறு தீச்சுடலுக்குக் குளிர்ந்த நீரும் பின்னர்ச் சோற்றுக்கற்றாழையும் என்று, அன்றாடத் தொல்லைகளிற் பலவற்றை வீட்டிலேயே தணித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் தாய் மகளுக்குச் சொல்லாவிடின் ஒரு தலைமுறையில் மறைந்துபோகும். நாம் அஞ்சுவது அதற்கே.

ஆகவே, சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஆடாதோடை, நொச்சி, துளசி, கற்றாழை, முருங்கை என்னும் ஐந்தையும் நடுக. நம் செம்மண்ணில் இவை எளிதில் வளரும். கோயிற்காட்டிற் புகுந்து வேரோடு பிடுங்கலாகாது. நாற்று வேண்டுவோர் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளத்து மூலிகைத் தோட்டத்தாரைக் கேட்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வைத்து, மருந்து, அளவு, யாருக்கு ஆகாது, யார் சொன்னார் என்ற நான்கையும் எழுதுக. மூன்றாவதாக, மாதந்தோறும் மாதர் கூடி, ஆரம்ப சுகாதார நிலையத்துச் சித்த மருத்துவரை ஒரு பக்கத்திலும், நம் ஊர் மருத்துவச்சியரையும் இருளர் முதியோரையும் மறுபக்கத்திலும் அமர்த்திப் பாடம் கேட்க. அவர்களுக்கு நாற்காலியும், கற்பித்தற்குரிய ஊதியமும் சங்கச் செலவிலேயே கொடுக்க வேண்டும்.

நம் பேத்தியைக் காத்த அம்மையார் காலமாகிவிட்டார். அவர் அறிந்த மூலிகைகளில் பத்தில் ஒன்றையும் நாம் எழுதி வைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நாம் கேட்கவில்லை. இக்குறை இச்சபையிலுள்ள வேறொருவருக்கும் நேராதிருக்கும்படி வேண்டி, இம்மட்டில் நம் உரையை முடித்துக்கொள்கிறோம்.