மருத்துவமனையில் ஒரு தாள்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சங்க விழா என்றால் இலக்கியம் பேசுவதும் இன்னிசை கேட்பதும் நம் வழக்கம். இவ்வாண்டு மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு எம்மைப் பணித்துள்ளனர். விழா மேடையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆயினும், சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுள், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாத குடும்பம் எது? நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நோயாளர் நாள்தோறும் தம்பானூரில் வந்து இறங்குகின்றனர். அவர்களுள் சிலருடைய கையில் ஒரு நாள் ஒரு தாள் கொடுக்கப்படும். இவ்வாய்வில் சேர இசைகிறேன் என்னும் பொருள்பட அதில் எழுதியிருக்கும். அத்தாளில் கையொப்பம் இடுவதா, வேண்டாவா? இந்த ஒரு வினாவே இன்று யாம் பேசப் புகும் பொருள்.

ஆய்வு என்றவுடன் அஞ்சுவோர் பலர். 'எங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள்' என்று கூறுவோரும் உளர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுவது எம் நோக்கம் அன்று. அதற்குக் காரணமும் உண்டு என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண், ஆய்வு என்பது யாது என்று காண்போம்.

ஒரு மருந்தை உண்டான், நோய் நீங்கிற்று. ஆதலின் மருந்தே நோயைத் தீர்த்தது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. மருந்து உண்ணாவிடினும் நோய் நீங்கியிருக்கக் கூடும். ஆதலின், ஒத்த நோயுடைய பலரைத் திரட்டி, இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் புதிய முறையும் மற்றொரு கூறுக்குப் பழைய முறையும் அளித்து ஒப்பிட வேண்டும். யாரை எக்கூறில் சேர்ப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விட்டால், நலிந்தவரை ஒரு பக்கமும் வலியவரை மறுபக்கமும் அவரையும் அறியாமலே சேர்த்துவிடுவார். ஆகவே திருவுளச் சீட்டுப் போன்ற முறையால் பிரிக்கின்றனர். உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேறுபாடு புகாதிருக்க அன்று ஊராட்சிக்குக் கண்ட வழியே இன்று மருத்துவ ஆராய்ச்சிக்கும் வழியாயிற்று.

இம்முறையால் உலகம் பெற்ற பெரும்பயன்களுள் ஒன்று தமிழ் மண்ணிலேயே விளைந்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுத்திருத்தல் வேண்டும், நல்லுணவும் முழு ஓய்வும் இன்றி நோய் தீராது என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. ஏழைக்கு அவ்வாய்ப்பு ஏது? 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அதில் கைகோத்தன. நகரத்து எளிய மக்களுள் 193 நோயாளர் சேர்ந்தனர். ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மறு பகுதியினர் தம் சிறு வீடுகளிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்தம் வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. அன்று முதல் உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறிற்று. அந்த 193 பேரின் பெயரை நாம் அறியோம். ஆயினும் வீட்டிலிருந்தே மாத்திரை உண்டு பிழைத்த கோடிக்கணக்கான மக்கள் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இனி நம் நகருக்கு வருவோம். இங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முதன்மை பெற்றது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட இளைஞர் நம் நாட்டில் மிகப் பலர். அயல்நாட்டு வால்வோ ஏழைக்கு எட்டாத விலை. டாக்டர் எம். எஸ். வலியத்தான் அவர்களும் அவருடைய துணைவர்களும் இந்நாட்டிலேயே ஒரு வால்வு செய்ய முனைந்தனர். முதல் மூன்று மாதிரிகளும் சோதனைகளில் தோற்றன. மனம் தளராது நான்காவது மாதிரியைச் செய்தனர். உலோகக் கூடும், உறுதி வாய்ந்த பிளாஸ்டிக் வட்டும், பாலியெஸ்டர்த் துணி வளையமும் கொண்டது அது. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தில் பொருத்தப்பட்டது. பின்னர் நாட்டின் பல மருத்துவமனைகளில் முந்நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரிடம் ஆராய்ந்த பின்னரே அது விற்பனைக்கு வந்தது. இன்று அவ்வால்வு பெற்றோர் ஓர் இலட்சத்திற்கு மேற்படுவர். 2024-இல் மறைந்த வலியத்தான் அவர்களைப் பாராட்டுவோம். அதே வேளையில், மூன்று மாதிரிகள் தோற்ற ஒரு கருவியை முதன்முதலாகத் தம் மார்பில் ஏற்க இசைந்த அந்த நோயாளரின் நெஞ்சுரத்தையும் எண்ணிப் பார்ப்போமாக.

இதனினும் எளிய, ஆனால் உலகமே வியந்த ஆய்வு ஒன்று நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்தது. வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லும் பழக்கம் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொதுவான கேடு. அதனால் வரும் வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் உயிர் பிழைக்குமா? 1981-இல் நிறுவப்பெற்ற இந்நகரின் வட்டாரப் புற்றுநோய் மையத்தாரும், லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் 1996-இல் இதனை ஆராயத் தொடங்கினர். 13 ஊராட்சிப் பகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. முப்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன 1,91,873 பேர் கணக்கில் சேர்ந்தனர். 7 பகுதிகளில், மருத்துவர் அல்லாத, ஆயினும் நன்கு பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, வாயைத் திறக்கச் செய்து விளக்கொளியில் பார்த்தனர். வேறு கருவி எதுவும் இல்லை. மற்ற 6 பகுதிகளில் வழக்கமான மருத்துவமே நடந்தது.

2005-இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால், வாய் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர் 77 பேர். மற்றப் பகுதிகளில் 87 பேர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் நேர்மையுடன் எழுதினர். ஆனால் புகையிலையோ மதுவோ பழகியவரை மட்டும் தனியே பார்த்தபோது, இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு விளக்கும் இரு கண்களும் உயிர் காக்கும் என்பதற்கு உலகிற்குச் சான்று தந்தவர் நம் அண்டை ஊரார்.

அதே ஆய்வில் நம்மை வருத்தும் செய்தி ஒன்றும் உண்டு. ஐயத்திற்குரிய புண்ணோ தழும்போ இருப்பதாகக் கண்டு, மருத்துவரிடம் வருமாறு கூறப்பெற்றவர் 5,145 பேர். வந்தவர் 3,218 பேர். நூற்றுக்கு முப்பத்தேழு பேர் வரவே இல்லை! அச்சமோ, கூலி இழப்போ, நமக்கு ஒன்றும் வாராது என்னும் எண்ணமோ, யாது தடுத்ததோ? இவ்வவையில் புகையிலை மெல்லுவோர் இருப்பின், அவர்களை யாம் வேண்டிக்கொள்வது இது: வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ காணின், வாய் முன்போலத் திறக்க இயலாவிடின், நாளை என்று தள்ளாதீர்கள்.

ஆய்வு எப்போதும் நாம் விரும்பிய விடையையே தரும் என்பதற்கில்லை. 2014 முதல் 2016 வரை கேரளத்தின் 63 மருத்துவமனைகளில், மாரடைப்புற்று வந்த 21,374 நோயாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் செய்முறைப் பட்டியல்களும் பயிற்சியும் தந்தால் இறப்பும் மறு மாரடைப்பும் குறையுமா என்பது வினா. மேலோட்டமாகப் பார்த்தபோது 6.4 விழுக்காடாக இருந்த தீங்கு 5.3 விழுக்காடாகக் குறைந்ததுபோலத் தோன்றிற்று. காலப்போக்கில் தானே நிகழ்ந்த முன்னேற்றத்தைக் கழித்துக் கணக்கிட்டபோது அவ்வேறுபாடு மறைந்துபோயிற்று. நெய்யாற்றின்கரை வட்டத்தில் 1,007 பேரிடம் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் அத்தகையதே. குழுவாகக் கூடிப் பழக்கங்களைத் திருத்திக்கொண்டவர்களுள் காய்கறி, பழம் உண்பது கூடிற்று, மது குறைந்தது, ஆனால் இரண்டாண்டுகளில் நீரிழிவு உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல இயலவில்லை. இவற்றைத் தோல்வி என்பார் அறியாதார். பயன் தாராததைப் பயன் தாராது என்று அறிதலும் அறிவே அன்றோ?

அறுவை மருத்துவத்திலும் அண்மையில் இவ்வாறே நிகழ்ந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 நோயாளரிடம் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, விலையுயர்ந்த தோல் மருந்தும் கிருமிகொல்லி பூசிய தையல் நூலும் வயிற்று அறுவையில் புண் சீழ் பிடிப்பதைக் குறைக்கவில்லை என்று காட்டிற்று. மறு ஆண்டில் ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் நடந்த ஆய்வோ, வயிற்றை மூடித் தைக்கும் முன்னர்க் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினாலே சீழ் பிடித்தல் 18.9 விழுக்காட்டிலிருந்து 16.0 விழுக்காடாகக் குறையும் என்று காட்டிற்று. விலை மிக்கது பயன்படாது, எளியது பயன்படும் என்பதை ஆராயாமல் யார் கூறியிருக்க இயலும்?

இத்துணைப் பயன் உடைய ஆய்வுக்கு மக்கள் ஏன் அஞ்சுகின்றனர் என்பதை இனிக் கூறுவோம். 1999, 2000-ஆம் ஆண்டுகளில் இந்நகரிலேயே வாய்ப் புற்றுநோயாளர் சிலருக்கு, அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் கண்ட புதிய மருந்தைச் செலுத்திச் சோதித்தனர். நோயாளர்க்கு உண்மை முழுதும் கூறப்பட்டதா என்னும் கேள்வி 2001-இல் எழுந்து நாடெங்கும் முழங்கிற்று. அவ்வாய்வாளரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே விசாரணை நடத்தி, அவர் பல்கலைக்கழக நெறிக் குழுவின் ஒப்புதலைப் பெறவில்லை என்று கண்டு, இனி மனிதரிடம் நடத்தும் ஆய்வுக்கு அவர் தலைமை தாங்கலாகாது என்று தடுத்தது. இத்தகைய நிகழ்ச்சிகள் கற்பித்த பாடத்தால் சட்டம் இறுகிற்று. ஆய்வுகளை அரசின் பதிவேட்டில் முன்னதாகவே பதிதல் 2009 முதல் கட்டாயமாயிற்று. 2019-ஆம் ஆண்டின் விதிகள், நெறிக் குழுவின் ஒப்புதலையும், தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டையும் வற்புறுத்துகின்றன. நோயாளிக்கு விளங்கும் மொழியில் செய்தியைக் கூறி இசைவு பெறுதல் வேண்டும் என்பதும் விதி.

'விளங்கும் மொழியில்' என்னும் அத்தொடரிலேதான் நம் சங்கத்தின் கடமை அடங்கியுள்ளது. மலையாளம் நம் மொழிக்கு உடன்பிறந்த மொழி. ஆயினும் உடன்பிறப்பே சில போது மயக்கம் தரும். 'வெள்ளம்' குடிக்கச் சொன்னால் திகைக்கும் தமிழர் இன்றும் உளர். 'பரீட்சணம்' என்றால் சோதித்துப் பார்க்கும் ஆய்வு என்று அறியாமல், ஏதோ இரத்தப் பரிசோதனை என்று எண்ணித் தலையசைக்கும் மூதாட்டியும் உண்டு. தலையசைப்பு இசைவு ஆகுமா? ஆகாது. பொருள் அறியாமல் மறுப்பதும் இழப்பே. பொருள் அறியாமல் ஒப்புவதோ அதனினும் பெரிய இழப்பு.

ஆதலின் யாம் இவ்வவையின் முன் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. இரு மொழியும் நன்கறிந்த நம் சங்க உறுப்பினருள் ஓய்வு உடையோர் முறை வைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து வரும் தமிழ் நோயாளர்க்கு மருத்துவமனையில் துணை நிற்றல் வேண்டும். அத்தாள் கைக்கு வரும்போது, அவருக்காகச் சில கேள்விகளைக் கேட்டுத் தருதல் வேண்டும். இது மருத்துவமா, ஆய்வா? ஆய்வாயின், ஒரு கூறினர்க்கு என்ன கிடைக்கும், மறு கூறினர்க்கு என்ன கிடைக்கும்? மறுத்தாலும், இடையில் விலகினாலும், வழக்கமான மருத்துவம் தடையின்றிக் கிடைக்குமா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? இக்கேள்விகளைக் கேட்டு விளங்கிக்கொண்டபின் நோயாளி ஒப்பினும் நன்றே, மறுப்பினும் நன்றே. முடிவு அவருடையது, அவருக்காக நாம் முடிவு செய்தலும் ஆகாது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணை செய்வானையும் நான்காவதாகச் சேர்த்தார். முதல் மூன்றும் இந்நகரில் குறைவற உள்ளன. நான்காவது இடம் தமிழ் நோயாளர்க்குப் பல போதும் வெறிதே கிடக்கின்றது. அவ்விடத்தை நம் சங்கம் நிரப்புமாயின், தமிழ் வளர்த்த சங்கம் என்பதோடு தமிழரின் உயிரையும் உரிமையையும் காத்த சங்கம் என்னும் பெயரும் நமக்கு உரியதாகும்.