சதய விழாவும் கல்லில் நிற்கும் பெயர்களும்

கல்வி நிறைவுற்றுப் பட்டம் பெறும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று, தஞ்சாவூரில் ஆண்டுதோறும் ஐப்பசித் திங்களில், சோழ மன்னன் முதலாம் இராசராசன் பிறந்த நட்சத்திரமாகிய சதயத்தன்று எடுக்கப்படும் விழாவாகும். யானைமீது திருமுறை உலா வர, ஓதுவார்கள் தேவாரம் பாடி முன்செல்ல, அவ்வூர்ப் பெரிய கோயிலின் இறைவனாகிய பெருவுடையாருக்குப் பேரபிஷேகம் நடக்கும் அந்நாளில் ஊரே திரள்வது பெருமைக்குரியது.

ஆயினும் விழா மட்டுமே வரலாற்றைக் காத்துவிடாது. 1010-இல், தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அக்கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கு இராசராசன் செம்புக் குடம் ஈந்த செய்தி கல்லில் இருந்தும், கோயிலைக் கட்டியவன் அவனே என்பது பிற்காலத்தில் மறந்துபோய், தலபுராணம் வேறொரு சோழனைச் சொல்லலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஸ் என்னும் கல்வெட்டறிஞர் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே உண்மை நிலைபெற்றது.

அச்சுவர்கள் அரசனோடு நின்றுவிடவில்லை. நந்தா விளக்கு, அதாவது அணையாது எரியும் விளக்கு, ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதற்காக இடையரிடம் 96 ஆடுகள் விடப்பட்ட கணக்கும், திருப்பதியம் பாடியவர், நாவிதர், தையற்காரர், தச்சர் முதலானோர் பெற்ற நெல்லின் அளவும் அங்கே உள்ளன. எல்லாவற்றினும் வியப்புக்குரியது தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிரின் பட்டியல். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 ஆடல் மகளிரில் ஒவ்வொருவரும் எந்தச் சிறகில், அதாவது தெருவின் எவ்வரிசையில், எத்தனையாம் வீட்டில் வாழ்ந்தார், எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பது பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. தலைக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் விரும்பித்தான் வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. மரபைக் கொண்டாடுவோர் அக்கேள்வியையும் விட்டுவிடலாகாது.

இப்பெயர்களைப் படிக்கும் திறன் எட்டாக்கனி அன்று. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிடாத சோழர்கால எழுத்து முறையையும், ஈரத்தாளைக் கல்லில் ஒற்றித் தூரிகையால் அடித்து மையிட்டு எடுக்கும் படியாகிய மைப்படியையும், முனைந்தால் எத்துறைப் பட்டதாரியும் கற்றுக்கொள்ளலாம். வரும் சதய நாளில் அரசன் சிலைக்கு மாலை சூட்டிய கையோடு, பயிற்சி பெற்ற இளைஞர்கள் கோயில் சுவர்முன் நின்று, அந்த 400 பெயர்களையும் ஊரும் வீடும் சேர்த்து மக்கள் கேட்க வாசிப்பார்களாயின், அதுவும் விழாவின் ஓர் அங்கமாகத் தகும்.