பகையறிந்து தாக்கும் நுண்ணுயிர்



பயிரைக் காக்க வேண்டுமானால் வயலிலுள்ள பூச்சியினம் அனைத்தையும் சம்ஹாரம் செய்தே தீரவேண்டும் என்ற எண்ணம் ஆழ வேரூன்றிவிட்ட இக்காலத்தில், தன் பகையை மட்டும் தாக்கி, தேனீயையும் மண்புழுவையும் மனிதனையும் வாழவிடுகிற ஒரு மண்வாழ் நுண்ணுயிரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1901-ஆம் ஆண்டில், ஜப்பான் தேசத்துப் பட்டுப்புழுக்கள் திடீரெனத் துவண்டு மடிவதன் காரணத்தை ஆராய்ந்த இஷிவாட்டா என்னும் விஞ்ஞானி, அப்புழுக்களிடமிருந்து இந்தப் பாக்டீரியத்தைப் பிரித்தெடுத்தார். அங்கே அது பட்டுத்தொழிலின் சத்துரு. பின்னர் ஜெர்மனியில், துரிங்கியாப் பிரதேசத்து மாவு அந்துப்புழுக்களில் இதையே கண்ட எர்ன்ஸ்ட் பெர்லினர், 1915-இல் அப்பிரதேசத்தின் பெயரையே சூட்டி, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று நாமகரணம் செய்தார். 1938-இல் பிரான்சில் அது பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்தது.

அது கொல்லும் விதம் அதிசயமானது. வித்தாக உறங்கப்போகும் தருணத்தில் இந்த நுண்ணுயிர் தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்கி வைக்கிறது. முட்டைக்கோஸ் இலையைக் கரம்பும் புழு அந்தப் படிகத்தை இலையோடு சேர்த்து விழுங்க, அதன் குடலிலுள்ள காரநீரில் படிகம் கரைந்து, அங்குள்ள நொதிகளால் வெட்டுண்டு நஞ்சாகி, குடற்சுவரில் தனக்கென்றே அமைந்த இடங்களைப் பற்றிக்கொண்டு துளையிடுகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். உயிர் போக இரண்டு மூன்று நாள் ஆகலாம். நம் இரைப்பையிலோ இருப்பது அமிலம். குடலில் அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடங்களும் இல்லை. ஆகவேதான் அது நம்மைத் தீண்டுவதில்லை. புழு சாகவில்லையே என்று மறுநாளே கடும் ரசாயனத்தைத் தெளிப்பவர்கள், இலையில் புதிய கடி விழுந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டுகிறேன்.

இதன் கிளையினம் ஒன்று 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் மடிந்து கிடந்த குட்டையொன்றில் அகப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்க நதிக்கரைகளில் கருஞ்சிற்றீக்கள் பரப்பிய நோயால் எண்ணற்றோர் கண்ணிழந்து, வளமான நிலங்களையே கைவிட்டு ஓடிய கொடுமையை ஒழிக்க 1974-இல் தொடங்கிய இயக்கம், அந்த ஈக்களின் புழுக்கள் ரசாயன மருந்துக்குப் பழகிவிட்டதால் தடுமாறியபோது, ஓடும் ஆற்றில் கலப்பதற்கு இந்தக் கிளையினமே கைகொடுத்தது. விஞ்ஞானம் மனித குலத்துக்குச் செய்த பேருபகாரங்களில் இதையும் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் இதற்கும் பூச்சிகள் பழகும். ஹவாய்த் தீவுகளில் ஓயாமல் தெளித்த தோட்டங்களில், வைரமுதுகு அந்துப்பூச்சி இதை எதிர்த்துத் தாக்குப்பிடிக்கிறது என்ற செய்தி 1990-இல் வெளியாயிற்று. ஆதலால் அன்பர்களே, வேறு முறைகளோடு மாற்றி மாற்றி இதைப் பிரயோகியுங்கள். வெயில் இதன் வீரியத்தைக் கெடுக்கும், மாலையிலே தெளியுங்கள். புழு இளசாக இருக்கும்போதே, இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளியுங்கள். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் கண்டிப்பாகத் தெளிக்காதீர்கள்; பட்டுப்புழுவும் இதற்கு ஒரு புழுதான்.