நர்சு உத்தியோகமும் சுயமரியாதையும்

(நர்சிங் பள்ளிக் கடைசி வருஷ மாணவிகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் பேசியது)



நர்சு உத்தியோகத்தில் முன்னுக்கு வருவது எப்படி, புதிதாக வருகிறவர்களை மூத்தவர்கள் எப்படி நடத்த வேண்டும் என்பவை பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி நம்மை அழைத்திருக்கிறீர்கள். நாம் பிரசங்கியல்ல. முப்பத்தொரு வருஷம் வார்டிலே நின்று நின்று காலில் நரம்பு புடைத்துப் போன ஒரு நர்சு. ஆதலால் அலங்காரப் பேச்சை எதிர்பார்க்க வேண்டாம். நம் அனுபவத்தில் பட்டதைச் சொல்லுகிறோம். நாம் சொல்லுவதாலேயே அதை ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லையானால் தள்ளிவிடுங்கள்.

சற்று முன்பு இங்கு விளக்கேற்றும் சடங்கு நடந்தது. மாணவிகள் வெள்ளையுடையில் கையில் விளக்குடன் நின்று நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் ஒரு பிரமாணம் செய்தார்கள். பார்க்க அழகாகத்தானிருந்தது. ஆனால் அந்தப் பிரமாணத்தை எழுதியது நைட்டிங்கேல் அல்ல என்பது இங்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 1893-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து நர்சிங் பள்ளி ஒன்றில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற அம்மையார் தலைமையில் ஒரு கமிட்டியார் எழுதியது அது. அப்போது நைட்டிங்கேல் உயிரோடுதான் இருந்தார். கடவுள் முன்னிலையில் ஆரம்பித்து, டாக்டருக்கு விசுவாசமாய் உதவுவேன் என்று சொல்லுகிறது அந்தப் பிரமாணம். டாக்டர் தப்பாக எழுதிவிட்டால் நர்சு என்ன செய்வது? அதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த விட்டுப்போன வார்த்தையைப் பற்றித்தான் நாம் இன்று பேச வந்திருக்கிறோம்.

நைட்டிங்கேல் என்றவுடன் எல்லோருக்கும் விளக்குத்தான் நினைவுக்கு வருகிறது. அந்த அம்மாள் செய்த பெரிய காரியம் விளக்குப் பிடித்ததல்ல, கணக்குப் போட்டது. 1854-ல் கிரிமியா யுத்தத்தின்போது ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் போன பிறகும் சிப்பாய்கள் செத்துக் கொண்டேதானிருந்தார்கள். 1855 பிப்ரவரியில் அங்கு 100க்கு 42 பேர் சாவு. அடுத்த மாதம் ஒரு சுகாதாரக் கமிஷன் வந்து, ஆஸ்பத்திரிக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைக் கழுவி, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சீர் செய்த பிறகு, ஜூன் மாதத்தில் 100க்கு இரண்டு என்ற அளவுக்கு அது இறங்கியது. யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து, எத்தனை பேர் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் அழுக்கால் செத்தார்கள் என்று புள்ளி போட்டுப் படம் வரைந்து மந்திரிகள் முன் வைத்தார். 1858-ல் லண்டன் புள்ளிவிவர சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்த்துக் கொள்ளப்பட்ட முதல் பெண் அவர்தான். அப்படிப்பட்டவரைப் பிடித்து, விளக்குக் கொடுத்து, சரஸ்வதி லட்சுமியைப்போல ஒரு தேவதையாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். தேவதை ஆனால் யாரும் அவளிடம் கணக்குக் கேட்க மாட்டார்கள். அவளும் யாரையும் கணக்குக் கேட்கக் கூடாதல்லவா?

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்சுப் பயிற்சி துவங்கியது. ஆனாலும் வெகு காலம் வரையில் மேல் ஜாதி என்று சொல்லிக் கொள்ளுகிறவர்கள் தங்கள் பெண்களை இதற்கு அனுப்பவில்லை. ஏன்? மலம், மூத்திரம், ரத்தம், பிணம் இவைகளைத் தொடுவது தீட்டாம். கிராமத்திலே பிரசவம் பார்த்து வந்தது யார்? நாவிதர் வீட்டு மருத்துவச்சி. குழந்தையை வெளியே எடுக்கிற வரையில் அவள் கை வேண்டும். எடுத்த பிறகு அவள் நின்ற இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? அந்தத் தீட்டுக்குப் பயந்தவர்கள்தான் பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியில் சாணியையும் சாம்பலையும் அப்பி, ரணஜன்னி வந்து குழந்தை செத்தால் பேய் அடித்தது என்றார்கள். அந்தப் பேயை ஓட்டியது எந்த மந்திரவாதி? சுத்தமான பிளேடும், தாய்க்குப் போட்ட ஊசியும், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்த கிராம நர்சும்தான். 2015-ல் அந்த வியாதி நாடு முழுதும் ஒவ்வொரு ஜில்லாவிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஒப்புக் கொண்டார்கள். அதற்கு எந்தக் கோவிலிலும் நேர்ந்து கொள்ளவில்லை.

இந்தத் தீட்டு இப்போது போய்விட்டது என்கிறீர்களா? 2020-ல் கொரோனா வந்தபோது ஜனங்கள் மாடியில் நின்று கை தட்டினார்கள், தட்டும் தட்டினார்கள். மே மாதம் 3-ந் தேதி ஹெலிகாப்டரில் வந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூப் போட்டார்கள். அதே நாட்களில்தான் நர்சு குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் பல ஊர்களில் நடந்தது. பூவும் போடுவார்கள், வாசற்படியும் மிதிக்க விடமாட்டார்கள். கோவில் தேவதைக்குச் செய்கிற மரியாதைக்கும் மருத்துவச்சிக்குச் செய்த மரியாதைக்கும் நடுவே மனுஷிக்குச் செய்ய வேண்டிய மரியாதை ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் காணோம்.

சம்பள விஷயமும் இப்படித்தான். "இது தெய்வீக சேவையம்மா, இதற்குப் போய்ப் பணம் கேட்கலாமா?" என்பார்கள். செவிலியர் என்று நமக்கு அழகான தமிழ்ப் பெயரும் இருக்கிறது; செவிலித் தாயிலிருந்து வந்தது. தாய் என்று சொல்லிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள்! 2015-ல் நம் ராஜ்யத்தில் பரீட்சை வைத்து ஒப்பந்த முறையில் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் டைரக்டர் ஆபீஸ் வளாகத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். உட்கார்ந்து கேட்ட பிறகுதான் ஊருக்கே சங்கதி தெரிந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுப்ரீம் கோர்ட் உத்தரவின்மேல் 2016-ல் ஒரு கமிட்டி போட்டு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேலிருந்தால் சர்க்கார் நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். இதைப் பெற்றோர்கள் குறித்துக் கொள்ள வேண்டும். பெண்ணை வேலைக்குச் சேர்க்கிறபோது நல்ல நாள் பார்க்கிறீர்களே, அத்துடன் சம்பளம் எவ்வளவு, ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி, அசல் சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக் கொள்வார்களா என்பதையும் பாருங்கள். நோயாளிக் கணக்கை வீம்புக்குச் சொல்லவில்லை. 2002-ல் அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் ஆபரேஷன் நோயாளிகளை ஆராய்ந்து, ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி அதிகமாகும்போது முப்பது நாளுக்குள் சாவு நேருவது 100க்கு ஏழு பங்கு கூடுகிறது என்று கண்டார்கள். ஆகவே நர்சு ஆள் போதாது என்று சொன்னால் தன் இடுப்பு வலிக்காக மாத்திரம் சொல்லவில்லை.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறோம். நாம் மூன்று வருஷ டிப்ளமாவில் ஆரம்பித்தவர். வேலை செய்துகொண்டே காத்திருந்து, போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. இரண்டு வருஷம், பிறகு எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம். வேலூரிலும் டில்லியிலும் 1946-லேயே நர்சுக்கு பி.எஸ்ஸி. வந்துவிட்டது. எண்பது வருஷமாகப்போகிறது, இன்னும் "நர்சுக்குப் பட்டம் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வார்டு சிஸ்டர், சூப்பரின்டெண்டெண்ட், பிரின்ஸிபால் என்ற படிகளெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. தாமதமானாலும் ஏறலாம். ஆனால் ஏறுகிறபோது எதைக் கையில் கொண்டு போகிறோம் என்பதுதான் கேள்வி.

நாம் இரண்டாம் வருஷ மாணவி. ஊர் பேர் வேண்டாம். ராத்திரி ஒரு சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் போட வேண்டும். சார்ட்டில் 100 என்று இருந்தது. அந்த நாளில் நம் கையிலிருந்த சிரிஞ்சு 40 யூனிட் பிடிக்கும். நூறென்றால் இரண்டரை சிரிஞ்சு. மூன்று தடவை குத்துவானேன் என்று நமக்குப் பட்டது. வார்டு சிஸ்டரைக் கேட்டோம். "டாக்டர் எழுதியிருக்கிறார், போடத் தெரியாதா? நேற்று வந்தவளுக்குக் கேள்வியைப் பார்!" என்றார். பக்கத்தில் ஒரு மூத்த ஸ்டாப் நர்சு. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அவர் ஒன்றும் பேசாமல் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். டூட்டி ரூமுக்குப் போய் டாக்டரை எழுப்பினார். டாக்டர் கோபமாகத்தான் வந்தார். சார்ட்டைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அவர் எழுதியது பத்து. பக்கத்தில் யூனிட்டுக்காகப் போட்ட ஆங்கில எழுத்து வாய் மூடிக் கொண்டு சைபர் மாதிரி இருந்தது. நாலாம் நாள் அந்த மனிதர் தம் கூஜாவை எடுத்துக் கொண்டு வீட்டுக்கு நடந்து போனார். பிற்பாடு 2004-ல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கும் சபையார், இதே காரணத்துக்காக அந்த ஒற்றை எழுத்தை எழுதவே கூடாது, யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும் என்று விதி செய்தார்கள். அக்கா நம்மைக் கொண்டாடவில்லை. "இன்றைக்குப் பயம் தெரியாமல் கேட்டாய், வருஷம் போகப் போகப் பயம் வரும். அப்போதும் கேள், பாப்பா" என்றார்.

இதோடு நிறுத்தினால் நாம் ஏதோ பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருபது வருஷம் கழித்து நாமே வார்டு சிஸ்டர். பிரசவ வார்டு. ஒரு மாணவி எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்பாள். ஒரு நாள் வேலை மும்முரத்தில், நோயாளிகள் எதிரிலேயே, "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்று கத்திவிட்டோம். மறுநாள் பிரசவமான ஒரு தாயின் நாடித்துடிப்பு ஏறிக் கொண்டே போனதை அவள் பார்த்தாள். 100, 110, 124 என்று முறையாக எழுதியும் வைத்தாள். நம்மிடம் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் இறங்கும் முன்பு நாடி ஓடும் என்பது அவள் படித்த பாடந்தான். ஆனால் நேற்றுப் பட்ட அவமானம் படித்த பாடத்தைவிடப் பெரிதாய் நின்றது. அரை மணி கழித்து நாம் துணியைத் தூக்கிப் பார்த்தபோது படுக்கை முழுதும் ரத்தம். கர்ப்பப்பையை எடுத்துத்தான் அந்தத் தாயைப் பிழைக்க வைத்தார்கள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. விசாரணையில் மாணவியைத்தான் குற்றம் சொன்னார்கள். நம்மை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் அன்று வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறோம்.

நம் உத்தியோகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாமியார் கையில் பட்டதை மருமகளிடம் தீர்த்துக் கொள்ளுகிறதைப்போல, மூத்தவர்கள் தாங்கள் பட்டதை இளையவர்களிடம் தீர்த்துக் கொள்ளுகிறார்கள். "நாங்கள் நின்றோம், நீயும் நில்" என்கிறார்கள். டாக்டருக்கு முன் நாற்காலியை விட்டு எழுகிற நர்சு, மாணவி தனக்கு முன் எழவில்லையானால் சீறுகிறாள். இது வருணாசிரமந்தான். மேலே ஒருவன், கீழே ஒருத்தி, அவளுக்குக் கீழே இன்னொருத்தி. பார்ப்பானைத் திட்டிவிட்டு வார்டிலே நாம் அதையே செய்தால் நமக்குச் சுயமரியாதை பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

இதைக் கேட்டுவிட்டு, இனி மாணவிகளை எதுவுமே சொல்லக் கூடாதா என்று மூத்த தோழியர் சிலர் நம்மைக் கேட்டார்கள். கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். கை கழுவாமல் படுக்கைக்குப் போனால் தடுக்க வேண்டும். தப்பாக மருந்து எடுத்தால் கையைப் பிடிக்க வேண்டும். காரணத்தோடு சொல்லுங்கள், தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள். அதேபோல நோயாளி வீட்டார் மாணவியிடம், "நீ எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார்?" என்று சுற்றிச் சுற்றி ஜாதியைத் தோண்டிவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரை வைத்துவிட்டால், பதில் சொல்ல வேண்டியது அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணல்ல, நாம். ஒரு தடவை அப்படி நேர்ந்தபோது, "இந்த வார்டில் தண்ணீருக்கு ஒரு கை, ஊசிக்கு ஒரு கை என்று கிடையாது" என்று சொன்னோம். முணுமுணுத்தார்கள், குடித்தார்கள்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. நம் ஆஸ்பத்திரியில் மூத்த நர்சுகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு மாணவிகளை ஒரு வருஷத்துக்குப் பொறுப்பேற்றுக் கொள்ளுவதாக ஒப்புக் கொண்டிருக்கிறோம். டிபன் பாக்ஸ் தூக்கவோ, கடைக்குப் போகவோ அவர்களை ஏவக் கூடாது. ஒவ்வொரு மாணவியும் ஒரு நோட்டில் தினம் ஒரு கேள்வியாவது எழுத வேண்டும்; அந்த வாரத்துக்குள் நாங்கள் பதில் எழுத வேண்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு நம்மில் இருவர் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு சரியென்றார்கள். முதல் தொகுதி மாணவிகள் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பிரசவ வார்டுக்கு வர வேண்டியது. நோட்டுகளை நாமே வாங்கி வைத்திருக்கிறோம். பேனா மட்டும் கொண்டு வரவும்.