ஊராட்சி அலுவலகக் கணினியும் அதன் அளவுமானிகளும்

(கோவை மாவட்டத்தில் ஊராட்சிப் பணியில் உள்ளோருக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியது. ஏரும் கிணறுமாக வாழும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். ஊராட்சியின் வரவு செலவு, கிராம சபைத் தீர்மானங்கள், குடிநீர்த் திட்டப் பதிவுகள், நடைபெறும் வேலைகளின் புகைப்படங்கள் ஆகிய யாவும் இன்று கணினியின் வாயிலாகவே நடைபெறுகின்றன. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தேசிய ஊராட்சி தினத்தன்று, மத்திய அரசு 'இ-கிராம் ஸ்வராஜ்' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கிற்று. அது முதல் ஊராட்சியின் திட்டமும் கணக்கும் அதிலே ஏற்றப்பட்டு வருகின்றன. கணினி ஒரு வாரம் நின்றுபோனால், தெருக்குழாயைப் பழுது பார்த்தவருக்குச் சேர வேண்டிய பணமும் நின்றுபோகிறது. ஆகவே கணினியின் உடல்நிலை ஊர்ப் பொது விஷயமே ஆகும்.

அவ்வுடல்நிலையைக் காட்டுவதற்கென்று கண்காணிப்பு மென்பொருள்கள் பல இருக்கின்றன. உள்வெப்பம் எத்தனை டிகிரி, விசிறி நிமிடத்திற்கு எத்தனை சுற்று, மின்னழுத்தம் எத்தனை வோல்ட், ஹார்ட் டிஸ்க் எந்நிலையில் உள்ளது என்பவற்றை அவை திரையில் எண்களாகக் காட்டுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அம்மென்பொருளே தவறாகக் காட்டினால் என் செய்வது? அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கொங்கு நாட்டு விவசாயிக்கு இந்தப் பாடம் புதியதன்று. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், கோவைப் பகுதியில் மின்சாரம் பரவியது. 1937-இல் திரு. ஜி. டி. நாயுடு அவர்களும் திரு. டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் கோவையிலேயே மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அதன் பின் கிணறுகள்தோறும் மோட்டாரும், அதன் அருகே ஸ்டார்ட்டரும், ஸ்டார்ட்டர்ப் பெட்டியின் முகப்பில் ஆம்பியர் மீட்டரும் வோல்ட் மீட்டரும் வந்து சேர்ந்தன. மோட்டார் ஓடுகிறது, குழாய் நிறையத் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் ஆம்பியர் மீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கும் விவசாயி எவரேனும் உண்டோ? மீட்டரையோ அதற்குச் செல்லும் கம்பியையோ அல்லவா நாம் முதலில் பார்ப்போம்! அதே முள் வழக்கமான அளவினின்றும் இறங்கி, தண்ணீரும் நின்றுவிட்டதாயின், கிணறு வற்றியதென்று அறிந்து உடனே ஸ்டார்ட்டரை நிறுத்துகிறோம். முள் ஒன்று சொல்லுகிறது. நாம் தண்ணீரையும் சாட்சிக்கு அழைக்கிறோம். இரண்டும் ஒத்தால் நம்புகிறோம். ஒவ்வாவிடில் முள்ளைச் சந்தேகிக்கிறோம். கணினிக்கும் இதுவே விதி.

கணினிக்குள் 'சென்சார்' எனப்படும் உணர்கருவிகள் பல இடங்களில் இருக்கின்றன. கணக்கிடும் மூளையாகிய பிராஸஸருக்கு உள்ளேயே வெப்பத்தை அளக்கும் கருவி உண்டு. மதர்போர்டு என்னும் பலகையில், மின்னழுத்தத்தையும் விசிறியின் சுழற்சியையும் கவனிக்கத் தனிச் சில்லு ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க் தன் குறைகளைத் தானே குறித்துக்கொள்கிறது. அதற்கு 'ஸ்மார்ட்' பதிவு என்று பெயர். யூ.பி.எஸ். பெட்டியும் ஒரு கம்பியின் வழியே தன் பாட்டரியின் நிலையைத் தெரிவிக்கும். உணர்கருவி அளக்கிறது, சில்லு படிக்கிறது, மென்பொருள் காட்டுகிறது. இம்மூன்று கைகளில் எது தவறினாலும் திரையில் தோன்றும் எண் பிழைபடும். அப்போதும் இயந்திரம் செவ்வனே இருக்கக்கூடும்.

நம் அலுவலகங்களில் அடிக்கடி நேரும் நான்கு வகைக் கோளாறுகளை இனிப் பார்ப்போம்.

முதலாவது, நம்ப முடியாத எண். எங்கள் வட்டாரத்து அலுவலகம் ஒன்றில் திரையில் ஒரு வரி எப்போதும் 127 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. பிராஸஸரையே மாற்ற வேண்டும் என்று பழுது பார்க்க வந்தவர் மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார். பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தால் சூடு இல்லை. கணினியை மீண்டும் தொடங்கி, 'பயாஸ்' எனப்படும் அடிப்படைத் திரையைத் திறந்து பார்த்தபோது, பிராஸஸரின் வெப்பம் 41 டிகிரி என்றே இருந்தது. அப்படியாயின் 127 எங்கிருந்து வந்தது? சில்லில் மூன்று நான்கு வெப்ப வாசல்கள் இருக்கும். கணினி செய்வோர் எல்லாவற்றிலும் உணர்கருவியைப் பொருத்துவதில்லை. காலியாக உள்ள வாசலை மென்பொருள் படிக்கும்போது, அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் வந்து நிற்கும். இரும எண் முறையில் எட்டு இடங்களுள் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினால், மிஞ்சிய ஏழு இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. நோய் கண்ட எண் அன்று அது; வெற்றிடத்தின் எண். பிராஸஸர் வாங்கும் செலவு ஊராட்சிக்கு மிச்சமாயிற்று.

இத்தகைய எண்களைச் சோதிக்க எளிய அளவுகோல்கள் சில உண்டு. காற்றினால் குளிரும் கணினி, தான் இருக்கும் அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. சித்திரை மாதத்தில் அறையே 36 டிகிரியாக இருக்கையில் பிராஸஸர் 15 டிகிரி என்று திரை காட்டினால் அது பொய். மேசைக் கணினியில் 12 வோல்ட் கம்பி, 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அது 8 வோல்ட் என்று திரை காட்ட, கணினியோ தடையின்றி ஓடிக்கொண்டிருந்தால், திரையை நம்ப வேண்டுவதில்லை. ஐயம் தீராவிடில் தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு மல்ட்டிமீட்டரில் அளந்து பார்க்கலாம். ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கலாகாது. மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டாவது, விசிறி பூஜ்யம் என்று காட்டுவது. இதில் அலட்சியம் கூடாது. கணினியை அணைத்து, பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, கை எதையும் தொடாமல் மீண்டும் ஓட்டிக் கண்ணால் பாருங்கள். விசிறி சுழன்றால், குறை செய்தி கொண்டு வரும் கம்பியில் இருக்கலாம். இரண்டு கம்பி விசிறிக்குச் சுற்றைச் சொல்லும் வழியே கிடையாது. மூன்றாவது கம்பிதான் அதைச் சொல்லுகிறது. சில கணினிகளில் வெப்பம் குறைவாக உள்ளபோது விசிறி தானே நின்றுவிடுவதும் உண்டு. விசிறி நின்றிருந்து, வெப்பமும் ஏறிக்கொண்டே போனால், முள்ளும் தண்ணீரும் ஒத்துவிட்டன என்று பொருள். உடனே அணைத்துவிட வேண்டும். பிராஸஸர்கள் பல, 100 டிகிரியை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் மீறினால் திடீரென்று அணைந்துபோகும். எழுதிக்கொண்டிருந்த கணக்கும் அத்துடன் போய்விடும்.

நம் பகுதியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் தூசிதான். சோமனூர், பல்லடம் பக்கத்தில் விசைத்தறியின் பஞ்சுத் தூசி. பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னை நார்த் தூசி. கோழிப்பண்ணைகள் உள்ள ஊர்களில் தீவனத் தூசி. விசிறியின் அடியில் உள்ள உலோகத் தகடுகளின் இடையே இது கம்பளிபோல் படிந்து காற்றை அடைத்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறையேனும், கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலோ காற்று ஊதியாலோ துடைக்க வேண்டும். இதழைப் பிடிக்காமல் பலமாக ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். பட்டறைக் கம்ப்ரஸரின் காற்றில் ஈரம் வரக்கூடும். அதைத் தவிர்ப்பது நலம்.

மூன்றாவது, மென்பொருள் ஒன்றுமே காட்டாமல் வெறுமையாக நிற்பது. இதற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தில் இராது. உணர்கருவியைப் படிக்கும் உரிமை சாதாரணப் பயனாளருக்கு இல்லை. நிர்வாகி உரிமையுடன் திறந்தால்தான் பல மென்பொருள்கள் எண்ணைக் காட்டும். ஒரே சமயத்தில் இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களை ஓட்டினால், ஒரே வாய்க்காலில் இருவர் ஒரே நேரத்தில் மடை மாற்றுவதைப் போல, ஒன்றை ஒன்று குழப்பும். ஒன்றை மூடிவிட வேண்டும். பழைய மென்பொருளுக்குப் புதிய சில்லின் பாஷை தெரியாது. ஒரு காலத்தில் பலரும் பயன்படுத்திய 'ஸ்பீட்ஃபேன்' பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. புதிய கணினியில் அது தடுமாறினால் வியப்பில்லை.

மற்றொரு காரணத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நேற்று வரை சரியாக ஓடிய கண்காணிப்பு மென்பொருள்கள் பல, விண்டோஸ் கணினிகளில் திடீரென்று நின்றன. அவை யாவும் 'வின்ரிங்0' என்னும் ஒரே உதவி நிரலை நம்பியிருந்தன. அந்நிரலில் உள்ள ஒரு பலவீனத்தைக் கொண்டு தீயோர் கணினியின் ஆழம் வரை நுழைய முடியும் என்பது 2020-லேயே பதிவாகியிருந்தது. விண்டோஸின் காவல் மென்பொருளான 'டிஃபெண்டர்' அதை ஆபத்தென்று கண்டு தடுக்கலாயிற்று. காவலை அணைத்துவிட்டால் மீண்டும் எண்கள் தெரியும் என்று யோசனை சொல்வோர் உண்டு. தோட்டத்துக் கதவு உராய்கிறதென்று கதவையே கழற்றி வைப்பாருண்டோ? நம் கணினியில் ஊராட்சிப் பணத்தை வழங்குவதற்கான மின்னணுக் கையொப்பம் செருகப்படுகிறது என்பதை மறக்கலாகாது. காவலை அணைக்காமல், மென்பொருளைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து திருத்திய பதிப்பைப் பெறுவதே முறை. அது கிடைக்கும் வரை பயாஸ் திரையில் பார்த்துக்கொள்ளலாம். கையொப்பக் கருவியையும் வேலை முடிந்தவுடன் பிடுங்கிப் பூட்டி வைக்க வேண்டும்.

நான்காவது வகையே மிகக் கொடியது. திரையில் எல்லாம் நலம் என்று காட்டும், உள்ளே நலமிராது. யூ.பி.எஸ். மென்பொருள் பாட்டரி 100 சதவீதம் என்று காட்டுகிறது. மின்சாரம் போனதும் அரை நிமிடத்தில் கணினி அணைந்துவிடுகிறது. மென்பொருள் பார்ப்பது பாட்டரியின் வோல்ட்டை. பழைய பாட்டரியும் ஓய்விலிருக்கையில் வோல்ட்டைச் சரியாகவே காட்டும். சுமையைத் தாங்கும் சக்தியை அந்த எண் சொல்லாது. தூர் வாராத குளம் கரை தளும்பி நிற்பதைக் கண்டு, உள்ளே எவ்வளவு தண்ணீர் உண்டென்று சொல்ல முடியாது அன்றோ? மாதம் ஒருமுறை கோப்புகளையெல்லாம் மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறதென்று கடிகாரத்தைப் பார்ப்பதே உண்மையான சோதனை.

ஹார்ட் டிஸ்க்கின் செய்தியும் இத்தகையதே. கூகுள் நிறுவனத்தார் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கையில் முதற் பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாததைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும். அதே ஆராய்ச்சியில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை நான்கு முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றையேனும் காட்டாமலே பழுதாயின என்றும் தெரிந்தது. எனவே எச்சரிக்கை வராவிடினும் நகல் எடுத்தே தீர வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அதை வேறொரு கட்டடத்தில் வைத்திருப்பது நலம்.

நண்பர்களே, இவ்வளவுக்கும் சுருக்கமான முறை இதுதான். எண் விபரீதமாகத் தோன்றினால், முதலில் கண்ணாலும் காதாலும் கையாலும் பாருங்கள். அடுத்து, பயாஸ் திரை போன்ற இரண்டாவது சாட்சியைக் கேளுங்கள். பின்னர் மென்பொருளைச் சோதியுங்கள். பொருளை மாற்றுவது கடைசியில்தான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒருசேர மாற்றினால் எது நோய், எது மருந்து என்று ஒருபோதும் தெரியாது. கணினியின் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போகுமாயின், பலகையில் உள்ள 3 வோல்ட் சிறு பாட்டரியை மாற்றிப் பாருங்கள். தேதி தவறியதனாலேயே அரசுத் தளங்கள் திறக்க மறுப்பதுண்டு.

மழைமானிக்கென்று ஒரு பதிவேடு வைக்கிறோம். அதைப் போலக் கணினிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மாதம் ஒருமுறை தேதி, அறையின் வெப்பம், அரை மணி நேரம் ஓடிய பின் பிராஸஸரின் வெப்பம், விசிறியின் சுற்று, யூ.பி.எஸ். தாங்கிய நிமிடம், நகல் எடுத்த நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆறு மாதக் குறிப்பு கையில் இருந்தால், இன்றைய 70 டிகிரி வழக்கமானதா புதியதா என்பது பார்த்தவுடனே தெரியும். பழுது பார்ப்பவர் புதுப் பொருள் வாங்கச் சொல்லும்போது, ஊர் சார்பில் காரணம் கேட்கவும் அந்தக் குறிப்பே துணை செய்யும். ஊர் மக்களின் வரிப்பணத்தில் வந்த இயந்திரம் அது. அதன் கணக்கை எழுதி வைப்பதும் நம் கடமைகளில் ஒன்றெனக் கொண்டு, இந்த மாதமே தொடங்குமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.