மணிகரண் போகிறீர்களா? காலை விடுவதற்கு முன்



குலு, மணாலிக்குப் போகிறவர்கள் மணிகரணையும் பார்த்துவிட்டு வாருங்கள். புந்தரில் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, பார்வதி ஆற்றை ஒட்டியே சுமார் 35 கிலோமீட்டர். ஈ.சி.ஆர். மாதிரி நினைத்து நீங்களே ஓட்டாதீர்கள். மலைப்பாதை குறுகல், உள்ளூர் டிரைவர்தான் சரி.

அங்கே பனி உருகி வரும் ஆற்றின் கரையிலேயே வெந்நீர் ஊற்று கொதிக்கிறது. எரிமலை எதுவும் கிடையாது. மழைநீரும் பனிநீரும் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமிக்குள் இருக்கும் சூட்டில் காய்ந்து மேலே வருகின்றன. குருத்வாரா அன்னதானத்துக்கு அந்த ஊற்றிலேயே அரிசி வேகவைக்கிறார்கள்.

சோறு வேகிற தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். நம் கோவளம் கடலில் அலையைப் பார்த்ததுமே பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிறோம். ஊற்றோரத்திலும் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

குளிப்பதற்குச் சூடு தணித்த தொட்டிகள் தனியாக உண்டு. ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்களுக்கு அந்தச் சூடும் உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வீட்டில் வேறொருவர் கைவிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே இறங்குங்கள். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு இருந்தால் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். தொட்டியில் சில நிமிடங்கள் போதும். எழும்போது மெதுவாக எழுந்திருங்கள்.

அதே பள்ளத்தாக்கில், மேலே கீர்கங்காவிலும் வெந்நீர்க் குளம் இருக்கிறது. அந்தப் பகுதியில் 2010-ல் தேசியப் பூங்காவும் அறிவித்தார்கள். பர்சைனி வரைதான் வண்டி, பிறகு மலையேற்றம். அதை இளசுகளுக்கு விட்டுவிட்டு, நாம் மணிகரணில் சுடச்சுடச் சாப்பிடலாம்.